நால்வர் கண்ட ஆண்டிறுதிகள்



மேலைநாடுகளில் கிறிஸ்துமஸ் நாளுக்கும் புத்தாண்டு நாளுக்கும் இடைப்பட்ட ஒரு வாரம் ஆண்டுக் கணக்கில் சேராத வாரம் போன்றது. பள்ளிகளும் நீதிமன்றங்களும் விடுமுறையில் இருக்கும். செய்தித்தாள்கள் மெலிந்து வரும். இசைத்தட்டு நிறுவனங்கள் பண்டிகை விற்பனையை முடித்துக்கொண்டு களைப்பாறும். ராக் இசையின் வரலாற்றை எழுதுவோரும் பெரும்பாலும் இந்த வாரத்தைத் தாண்டிச் சென்றுவிடுவர். ஆயினும் அவ்விசையின் வரலாற்றில் தலைமையிடம் பெற்ற பீட்டில்ஸ் குழுவின் வாழ்க்கையை இந்த ஒரு வாரத்தின் நிகழ்ச்சிகளை மட்டுமே கொண்டு எழுதிவிட முடியும். அக்குழு முதன்முதலாக ஒரு கூட்டத்தை அதிரவைத்தது, வேலை தேடிப் போய் வெறுங்கையோடு திரும்பியது, கடல் கடந்து வென்றது, ஊரறியச் சறுக்கியது, தமக்குள் வழக்காடியது, கையெழுத்திட்டுப் பிரிந்தது ஆகிய யாவும் டிசம்பர்த் திங்களின் கடைசி நாள்களோடு தொடர்புடையவை.

பத்தாண்டு நிறைவைக் கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தில், பத்தாண்டில் கலைந்துபோன ஒரு கூட்டைப் பற்றிப் பேசுவது மங்கலமா எனச் சிலர் ஐயுறலாம். கலை உள்ளம் கொண்ட சிலர் பத்தாண்டுக் காலம் ஓரிடத்தில் கூடியிருப்பது எத்துணை அரிது என்பதைப் பட்டறிந்தவர்களுக்கே இந்த வரலாறு முழுமையாக விளங்கும்.

1960ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் லிவர்ப்பூல் நகரத்து இளைஞர் ஐவர் செருமனியின் ஹாம்பர்க் துறைமுக நகருக்குச் சென்றனர். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ஸ்டூவர்ட் சட்கிளிஃப், பீட் பெஸ்ட் என்போர் அவர். கப்பலோட்டிகளும் குடிகாரர்களும் நிறைந்த விடுதிகளில் நாள்தோறும் நான்கு மணி நேரத்துக்கு மேல் நின்றுகொண்டே பாட வேண்டும். உறங்குவதற்குக் கொடுக்கப்பட்ட இடமோ ஒரு திரையரங்கின் பின்புறம், கழிப்பறைக்கு அருகில் இருந்த இருட்டறை. நவம்பர் இறுதியில் அந்த வாழ்வும் குலைந்தது. ஹாரிசனுக்கு வயது 17தான் என்பது தெரியவந்ததால் அவர் நாடு கடத்தப்பட்டார். தங்கியிருந்த இடத்தில் தீ மூட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டு மெக்கார்ட்னியும் பெஸ்டும் அடுத்து அனுப்பப்பட்டனர். லென்னன் டிசம்பரில் தனியே ஊர் திரும்பினார். சட்கிளிஃப் காதலின் பொருட்டு ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டார். ஊர் வந்து சேர்ந்தவர்கள் சில நாள்கள் ஒருவரையொருவர் தேடிப் போகவும் இல்லை. குழு அத்துடன் முடிந்திருந்தாலும் கேட்பார் எவரும் இருந்திருக்கமாட்டார்.

அந்நிலையில்தான் லிவர்ப்பூலுக்கு வடக்கே லிதர்லாந்து நகர மன்றத்தில் 1960 டிசம்பர் 27 அன்று நடந்த ஆடல் நிகழ்ச்சியில் பாடும் வாய்ப்பு வந்தது. பாப் வூலர் என்னும் அறிவிப்பாளர் பரிந்துரைத்தார். நிகழ்ச்சி நடத்துநர் பிரையன் கெல்லி பேரம் பேசிக் கொடுத்த ஊதியம் 6 பவுண்டு. பேஸ் கிதார் வாசிக்க ஆள் இல்லாமையால் கல்லூரி விடுமுறையில் இருந்த சாஸ் நியூபி என்னும் மாணவர் அமர்த்தப்பட்டார். 'ஹாம்பர்க்கிலிருந்து நேரே வருகிறார்கள்' என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்தபடியால், கூடியிருந்தோரிற் பலர் இவர்களைச் செருமானியர் என்றே கருதினர். நிகழ்ச்சிக்குப் பின், இவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசுகிறீர்களே என்று வியந்தவர்களும் உண்டு. சொந்த ஊரில் அயலாராகக் கருதப்பட்ட பின்னரே அவர்கள் மதிக்கப்பட்டனர்.

திரை விலகியதும் நடந்ததை அங்கிருந்தோர் பலர் ஒரே வகையாகக் கூறியுள்ளனர். ஆட வந்தவர்கள் ஆடவில்லை. ஆட்டத்தை விட்டுவிட்டு மேடையின் அடிக்கு ஓடிவந்து நின்றுவிட்டனர். பாட்டு என்பது ஆடுவோர் கால்களுக்குத் துணைக்கருவி என்றிருந்த காலத்தில், பாடுவோரைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒரு கூட்டம் உருவானது அன்றுதான். வேறு நடத்துநர் எவரும் இவர்களைக் கவர்ந்துவிடக் கூடாதென்று ஒப்பனை அறை வாயிலில் ஆள் நிறுத்திவிட்டுக் கெல்லி உள்ளே போய் மேலும் பல நிகழ்ச்சிகளுக்குப் பேசி முடித்தார் என்பர். இந்த மாற்றத்திற்கு மேதைமை மட்டும் காரணம் ஆகாது. மூன்றரைத் திங்கள் ஓர் இருட்டறையில் ஒன்றாகக் கிடந்து, நாளொன்றுக்குப் பல மணி நேரம் ஒருவர் மூச்சை மற்றவர் கேட்டுக்கொண்டு பாடியதன் விளைவே அது. யாப்பைக் கற்பதற்கும் யாப்பிலேயே மூச்சுவிடுவதற்கும் உள்ள வேறுபாடு கவிஞர் அறியாததன்று.

சாஸ் நியூபியைப் பற்றி ஒரு சொல். நான்கே நிகழ்ச்சிகளில் வாசித்துவிட்டு அவர் கல்லூரிக்குத் திரும்பினார். மீண்டும் ஹாம்பர்க்குக்கு உடன் வருமாறு லென்னன் அழைத்தும் மறுத்துவிட்டார். பின்னாளில் கணித ஆசிரியராகப் பணியாற்றி, 2023இல் மறைந்தார். அந்த மறுப்புக்காக வருந்தியதாக அவர் காட்டிக்கொண்டதில்லை. ஒரு குழுவின் வரலாற்றில் இத்தகையோருக்கும் ஓர் இடம் உண்டு.

மறு ஆண்டின் கடைசி நாள் இதற்கு நேர்மாறானது. 1961 நவம்பரில் இவர்களை முதன்முதலாகக் கண்ட பிரையன் எப்ஸ்டீன், குடும்பத்தின் இசைத்தட்டுக் கடையை நடத்திவந்தவர், இவர்களுக்கு மேலாளராக முன்வந்தார். அவர் முயற்சியால் லண்டனில் டெக்கா நிறுவனம் குரல் தேர்வுக்கு நாள் குறித்தது. அந்த நாள் 1962 ஜனவரி 1. இங்கிலாந்தில் அக்காலத்தில் புத்தாண்டு நாள் பொது விடுமுறை அன்று. ஆகவே டிசம்பர் 31 அன்று, கடும் பனியில், ஒரு வண்டியில் கருவிகளோடு தாங்களும் அடைபட்டு நால்வரும் புறப்பட்டனர். வண்டியை ஓட்டியவர் நீல் ஆஸ்பினால், கணக்கர் பயிற்சியில் இருந்த நண்பர். வழி தவறிப் பத்து மணி நேரம் ஆயிற்று. எப்ஸ்டீன் புகைவண்டியில் சென்றார்.

காலையில் தேர்வாளர் தாமதமாக வந்தார். இவர்களுடைய ஒலிபெருக்கிகள் தரமற்றவை என்று நிறுவனத்தின் கருவிகளே கொடுக்கப்பட்டன. 15 பாடல்கள் பாடப்பட்டன. அவற்றுள் லென்னனும் மெக்கார்ட்னியும் இயற்றியவை மூன்றே மூன்று. எஞ்சிய பன்னிரண்டும் பிறர் பாடல்கள், பலவகைச் சுவையும் இவர்களுக்குக் கைவரும் என்று காட்டும்பொருட்டு எப்ஸ்டீன் தெரிந்தெடுத்தவை. சில வாரங்களில் மறுப்பு வந்தது. கிதார்க் குழுக்களின் காலம் முடிந்துவிட்டது என்று டெக்கா கூறியதாக எப்ஸ்டீன் எழுதினார். அவ்வாறு கூறவில்லை என்று அந்நிறுவனத்தின் டிக் ரோ மறுத்தார். லண்டனுக்கு அருகிலேயே இருந்த வேறொரு குழுவை டெக்கா ஏற்றுக்கொண்டது. இந்த மறுப்பை முட்டாள்தனம் என்று எள்ளி நகையாடுவது வழக்கமாகிவிட்டது. அது முழு நீதியன்று. அந்த ஒலிநாடாவைக் கேட்போர் அச்சத்தில் இறுகிய குரல்களையே கேட்பர். தம் சொந்தப் பாட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் பிறர் பாட்டால் பரிசு பெற நினைத்த எவருக்கும் நேர்வதே அவர்களுக்கும் நேர்ந்தது. அதே ஆண்டில் இஎம்ஐ நிறுவனத்தின் ஜார்ஜ் மார்ட்டின் இவர்களை ஏற்றார். பீட் பெஸ்ட் நீக்கப்பட்டு ரிங்கோ ஸ்டார் வந்தார். அக்டோபரில் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. பனியில் வண்டியோட்டிய ஆஸ்பினால் மட்டும் இறுதிவரை விலகவில்லை. குழு கலைந்த பின்னும் அதன் நிறுவனமாகிய ஆப்பிளை 2007 வரை அவரே நடத்தினார்.

1962இன் கடைசி வாரத்தை விரைந்து கடக்கலாம். முன்னரே ஒப்புக்கொண்ட கடமைக்காக மனமில்லாமல் மீண்டும் ஹாம்பர்க். டிசம்பர் 31 வரை ஸ்டார் கிளப் என்னும் விடுதியில் பாட்டு. இங்கிலாந்தில் முதல் இசைத்தட்டு அந்த வாரத்தில்தான் தன் உச்சமாகிய 17ஆம் இடத்தைத் தொட்டது. பாடியவர்களோ ஊரில் இல்லை. விடுதியில் வீட்டுப் பயன்பாட்டு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றில் யாரோ பொழுதுபோக்காகப் பதிந்த நாடா 1977இல் இசைத்தட்டாக வெளிவந்து, பல ஆண்டு வழக்குக்குப் பின் 1998இல்தான் குழுவின் நிறுவனத்துக்கு உரியதாயிற்று. ஒலி தேய்ந்தும் கரகரத்தும் இருக்கும் அந்த நாடாவில், புகழ் வருமுன் நால்வரும் கடைசியாகக் கூடிக் கும்மாளமிட்ட குரல் இருக்கிறது.

1963இன் ஆண்டிறுதிதான் உலகம் அறிந்தது. இங்கிலாந்தில் அவ்வாண்டு முழுதும் இவர்கள் ஆட்சி. அமெரிக்காவிலோ இஎம்ஐயின் கிளையாகிய கேப்பிட்டல் நிறுவனமே இவர்களின் தட்டுகளைத் தொடர்ந்து மறுத்துவந்தது. இறுதியில் 'ஐ வாண்ட் டு ஹோல்ட் யுவர் ஹேண்ட்' என்னும் பாடலை 1964 ஜனவரி 13 அன்று வெளியிட ஒப்புக்கொண்டது. அதற்கு முன் நேர்ந்தவை ஒன்றோடொன்று பின்னியவை. இங்கிலாந்தில் இவர்களைச் சூழ்ந்த ஆரவாரத்தைப் பற்றிச் சிபிஎஸ் தொலைக்காட்சி எடுத்த செய்திப்படம் நவம்பர் 22 அன்று காலை ஒளிபரப்பாயிற்று. மாலையில் மீண்டும் காட்டப்பட இருந்தது. அன்று நண்பகலில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். படம் ஒதுக்கிவைக்கப்பட்டு, டிசம்பர் 10 மாலைச் செய்தியில்தான் இடம்பெற்றது. அதைக் கண்ட ஒரு பள்ளிச் சிறுமி, இந்தப் பாட்டு நம் ஊர் வானொலியில் ஏன் வருவதில்லை என்று வாசிங்டன் நிலையத்துக்கு எழுதிக் கேட்டாள். கரோல் ஜேம்ஸ் என்னும் அறிவிப்பாளர் விமானப் பணிப்பெண் ஒருவர் வாயிலாக லண்டனிலிருந்து தட்டை வரவழைத்து, டிசம்பர் 17 அன்று ஒலிபரப்பினார். தொலைபேசி ஓயவில்லை. கேப்பிட்டல் முதலில் தடுக்கப் பார்த்தது; முடியாதபோது வெளியீட்டு நாளையே முன்னுக்கு இழுத்தது. டிசம்பர் 26 அன்று தட்டு கடைகளுக்கு வந்தது. பள்ளிகள் மூடியிருந்தன. கையில் பண்டிகைக் காசு, வீட்டில் வானொலி, நாள் முழுதும் ஓய்வு. மூன்று நாள்களில் இரண்டரை இலட்சம் தட்டுகள் விற்றன. பிப்ரவரி முதல் நாளிட்ட பட்டியலில் அப்பாடல் முதலிடம் பெற்றது.

நிறுவனங்கள் மறுத்ததை ஒரு சிறுமியின் கடிதம் திறந்துவிட்டது. இரங்கலில் மூழ்கியிருந்த ஒரு நாட்டுக்கு மகிழ்ச்சி தேவைப்பட்டது என்று எழுதுவோர் பலர். இருக்கலாம். விடுமுறையும் காசும் வானொலியும் ஒரே வாரத்தில் கூடிவந்தன என்பதும் அதற்குக் குறைந்த காரணம் அன்று. அந்த வாரத்தில் நால்வரும் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க்கில் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சியில் நாள்தோறும் கோமாளிக் கூத்தாடிக்கொண்டிருந்தனர். கடலுக்கு அப்பால் தங்கள் வாழ்வு மாறிக்கொண்டிருந்ததை அவர்கள் அறியவில்லை.

கவிஞர்களுக்கும் திறனாய்வாளர்களுக்கும் சுவை தரும் நிகழ்ச்சி ஒன்றும் அதே வாரத்தில் உண்டு. டிசம்பர் 27 அன்று லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் அதன் இசைத் திறனாய்வாளர் வில்லியம் மான் பெயரிடாமல் ஒரு கட்டுரை எழுதினார். செவ்வியல் இசையை மட்டுமே மதித்த அந்த இதழில், அவ்வாண்டின் சிறந்த ஆங்கில இசையாக்குநர்கள் லென்னனும் மெக்கார்ட்னியுமே என்று அவர் துணிந்து கூறினார். ஒரு பாடலின் முடிப்பில் 'ஏயோலியன்' அமைதி இருப்பதைச் சுட்டி, அதை மாலர் என்னும் ஆஸ்திரியப் பேரிசைஞர் ஒரு படைப்பை முடித்த முறையோடு ஒப்பிட்டார். இசைக் குறிமுறையில் எழுதவோ படிக்கவோ அறியாதவர்கள் அவ்விருவரும். அந்தச் சொல் என்னவென்றே தெரியாது, ஏதோ அயல்நாட்டுப் பறவையின் பெயர் போல இருந்தது என்று லென்னன் பிற்காலத்தில் நகைத்தார். அந்த நகைப்பை மேற்கோளாகக் காட்டித் திறனாய்வையே தூற்றுவோர் உளர். இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்னும் மரபில் வந்தவர்களுக்கு இதில் முரண் ஒன்றும் தோன்றாது. பாடியவர் அறியாததைக் கேட்டவர் அறிந்து பெயரிட்டார். பெயர் தெரியாமையால் அமைதி இல்லாமற் போய்விடவில்லை. முதுமையும் செல்வாக்கும் உடைய ஓர் இதழ் இருபது வயது இளைஞர்களின் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டதே அன்றைய நாளின் அருஞ்செயல்.

பாடல்களில் எல்லாம் 'லென்னன்-மெக்கார்ட்னி' என்றே ஆசிரியர் பெயர் இருக்கும். யார் எழுதினாலும் இருவர் பெயரும் சேர்ந்தே நிற்கும் என்பது பதின்பருவத்தில் அவர்கள் செய்துகொண்ட வாய்மொழி உடன்பாடு. ஒருவர் தொடங்க மற்றவர் முடித்த இரட்டைப் புலவர்களின் கதையை அறிந்த அவைக்கு இது புதிதன்று. தொடக்கக் காலத்துப் பாடல்களை அவர்கள் எதிரெதிரே அமர்ந்து, ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பி இயற்றினர். பிற்காலத்தில் தனித்தனியே எழுதினர். பெயர் மட்டும் சேர்ந்தே நின்றது.

அந்த மாற்றத்தை அறிவதற்கு ஒரு சிறு சான்று உண்டு. 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு டிசம்பரிலும் தங்கள் சுவைஞர் மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும் ஒரு மெல்லிய நெகிழ்தட்டை இவர்கள் விலையின்றி அனுப்பிவந்தனர். வாழ்த்து, கேலி, பொருளற்ற பாட்டு, சிரிப்பு. கலைமதிப்பு அதிகம் இல்லை. முதல் ஐந்து தட்டுகளில் நால்வரும் ஓர் அறையில் இருப்பது கேட்பவருக்குத் தெரியும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவார். 1968, 1969ஆம் ஆண்டுத் தட்டுகளில் அந்தக் குறுக்கீடு இல்லை. நால்வரும் தனித்தனி இடங்களில் பேசிக் கொடுத்ததை வானொலி அறிவிப்பாளர் ஒருவர் வெட்டி ஒட்டியிருக்கிறார். பிரிவைப் பற்றி நூல்கள் பல உள. எவர் எழுதியதைக் காட்டிலும் அந்த இரண்டு தட்டுகளும் தெளிவாகப் பேசுகின்றன.

1967இன் ஆண்டிறுதி இதற்கு முன்னறிவிப்பு. ஆகஸ்டில் எப்ஸ்டீன் காலமானார். சில நாள்களிலேயே மெக்கார்ட்னி ஒரு திரைப்பட முயற்சியை முன்வைத்தார். ஒரு பேருந்தில் நடிகர்களும் நண்பர்களும் ஏறி இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியைச் சுற்றுவது. வழியில் ஏதேனும் நிகழும், அதைப் படம் பிடிப்பது. எழுத்துவடிவம் இல்லை. ஒரு தாளில் வட்டம் வரைந்து, அதைக் கூறுகளாகப் பிரித்து, இன்ன கூற்றில் இன்னது என்று குறித்ததே திட்டம். (வட்டம் வரைந்துவிட்டால் மற்றவை தாமே அமையும் என்று நம்பியவர் அவர் ஒருவர் அல்லர்.) 'மேஜிகல் மிஸ்டரி டூர்' என்னும் அப்படம் டிசம்பர் 26 இரவு பிபிசியின் முதல் அலைவரிசையில் ஒளிபரப்பாயிற்று. விருந்துண்டு களைத்த குடும்பங்கள் எளிய நகைச்சுவையை எதிர்பார்த்து அமர்ந்திருந்தன. அந்த அலைவரிசையில் அன்று வண்ணம் கிடையாது. மேகங்களும் நிலப்பரப்பும் நிறம் மாறுவதையே பொருளாகக் கொண்ட காட்சிகள் கறுப்பு வெள்ளையில் வெறும் சாம்பலாகத் தெரிந்தன. மறுநாள் இதழ்கள் ஒருமுகமாகத் தாக்கின. மெக்கார்ட்னி முன்வந்து தவற்றை ஏற்கும் பாங்கில் விளக்கம் தரவேண்டியதாயிற்று. பாடல்களை எவரும் குறை சொல்லவில்லை என்பதை மறக்கலாகாது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே டிசம்பர் 26இல் எதைத் தொட்டாலும் பொன்னாயிற்று. இப்போது கூட்டத்தில் 'இது வேண்டாம்' என்று சொல்லும் ஆள் இல்லை. சொல்லியிருக்கக்கூடிய எப்ஸ்டீன் இல்லை. மற்ற மூவருக்கும் சொல்லும் ஆர்வம் இல்லை.

1969 செப்டம்பரில் தாம் விலகுவதாக லென்னன் தோழர்களிடம் கூறினார். செய்தி மறைக்கப்பட்டது. 1970 ஏப்ரலில் மெக்கார்ட்னியின் பிரிவு வெளிப்படையாயிற்று. எஞ்சியது கணக்கு. 1967இல் எழுதிய பங்காளி ஒப்பந்தப்படி ஒருவர் தனியே வெளியிடும் இசைத்தட்டின் வருவாயும் பொதுக் கணக்கில் சேரவேண்டும். அந்தக் கணக்கை ஆலன் க்ளைன் என்னும் அமெரிக்கர் நிருவகிக்க வேண்டும் என்று மூவர் விரும்பினர். மெக்கார்ட்னி உடன்படவில்லை, தம் மனைவியின் தந்தையையும் உடன்பிறந்தாரையும் அவர் நம்பினார். க்ளைன் அந்த ஒப்பந்தத்தில் கட்சி இல்லை. ஆகவே க்ளைனிடமிருந்து விடுபட வேண்டுமானால் நண்பர் மூவர்மீதும் வழக்குத் தொடுப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று சட்டம் அறிந்தோர் கூறினர். 1970 டிசம்பர் 31 அன்று லண்டன் உயர் நீதிமன்றத்தில் மனு பதிவாயிற்று. வாதி பால் மெக்கார்ட்னி. எதிரிகள் லென்னன், ஹாரிசன், ஸ்டார் என்ற பட்டப்பெயரால் உலகறிந்த ரிச்சர்ட் ஸ்டார்க்கி, மற்றும் ஆப்பிள் நிறுவனம்.

அந்த வாரத்தின் வேறு இரண்டு செய்திகள் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை. முதலாவது, அதே டிசம்பரில் சுவைஞர் மன்றத்தார்க்கு ஏழு நெகிழ்தட்டுகளையும் ஒன்றாகத் தொகுத்த நெடுந்தட்டு ஒன்று பரிசாகச் சென்றது. நால்வரும் ஓர் அறையில் சிரித்த சிரிப்பை உறுப்பினர்கள் வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நீதிமன்றத்தில் மனு எழுதப்பட்டது. இரண்டாவது, டிசம்பர் 26 நாளிட்ட அமெரிக்கப் பட்டியலில் ஹாரிசனின் 'மை ஸ்வீட் லார்டு' முதலிடம் பிடித்தது. நால்வருள் தனித்து நின்று முதலிடம் பெற்ற முதல் பாடல் அதுதான். கிறித்தவ வழிபாட்டின் 'அல்லேலூயா'வும் 'ஹரே கிருஷ்ணா'வும் அடுத்தடுத்து ஒலிக்கும் பாடல் அது.

ஹாரிசன் குழுவில் இளையவர். பல நெடுந்தட்டுகளில் அவருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு பாட்டு அல்லது இரண்டு. மீதி இடம் மூத்தவர் இருவருக்கு. அவர் கொண்டுவந்த பாடல்களுட் பல ஒத்திகையோடு நின்றுபோயின. குழு முடிந்ததும் தேக்கி வைத்திருந்தவற்றையெல்லாம் கொட்டி மூன்று தட்டுகள் கொண்ட தொகுப்பாக அவர் வெளியிட்டார். மூத்தோர் இருவர் சண்டையே பிரிவுக்குக் காரணம் என்பர். இளையவரின் பையில் பல ஆண்டு கிடந்த பாட்டுகளும் அதில் சேர்த்து எண்ணப்படவேண்டியவை. இதழ் நடத்துவோரும் தொகுப்பு நூல் பதிப்பிப்போரும் நிறைந்த அவையில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

1971 மார்ச்சில் நீதிமன்றம் மெக்கார்ட்னியின் பக்கம் நின்று பொறுப்பாளர் ஒருவரை அமர்த்தியது. இறுதி ஒப்பந்தம் உருவாக மேலும் நான்காண்டுகள் ஆயின. 1974 டிசம்பர் 19 அன்று நியூயார்க்கில் கையெழுத்திடக் கூடினர். ரிங்கோ முன்னரே இங்கிலாந்தில் கையெழுத்திட்டிருந்தார். மெக்கார்ட்னியும் ஹாரிசனும் வந்திருந்தனர். அந்த நகரத்திலேயே வாழ்ந்த லென்னன் மட்டும் வரவில்லை. பத்து நாள் கழித்து, டிசம்பர் 29 அன்று, ஃபுளோரிடாவில் டிஸ்னி உலகத்துள் இருந்த ஒரு விடுதியில் அவர் தங்கியிருந்தார். தம் மகன் ஜூலியனுக்கு விடுமுறைக் களிப்பூட்ட வந்த இடம். அங்கே வந்து சேர்ந்த தாள்களில் அவர் கையெழுத்திட்டார். உடனிருந்த மே பாங் அதைப் படம் எடுத்தார். குழுவைத் தொடங்கியவர் லென்னன். முடித்துவைத்த கடைசிக் கையெழுத்தும் அவருடையதே. தொடங்கியபோது தாள் ஒன்றும் இல்லை. 1957ஆம் ஆண்டு ஒரு கோடைநாளில் தேவாலயத் திருவிழாவில் மெக்கார்ட்னியைச் சந்தித்து, அவர் கிதார் வாசிப்பதைக் கேட்டு, இவனைச் சேர்த்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று எண்ணிப் பார்த்ததோடு சரி. 1975 ஜனவரி 9 அன்று பங்காளிக் கூட்டு சட்டப்படி கலைந்தது.

இன்னும் ஓர் ஆண்டிறுதி எஞ்சுகிறது. போரினாலும் பஞ்சத்தினாலும் நலிந்த கம்பூச்சிய மக்களுக்காக ஐக்கிய நாடுகள் அவையின் தலைமைச் செயலர் குர்ட் வால்டைமும் மெக்கார்ட்னியும் முன்னின்று, 1979 டிசம்பர் 26 முதல் 29 வரை லண்டன் ஹாமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் நான்கு இரவுகள் இசை நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்தனர். குயீன், கிளாஷ், ஹூ முதலிய குழுக்கள் பாடின. கடைசி இரவு மெக்கார்ட்னியின் விங்ஸ் குழுவுக்கு உரியது. நால்வரும் அன்று மீண்டும் ஒரே மேடையில் தோன்றுவர் என்னும் பேச்சு பல நாள்களாகப் பரவியிருந்தது. அன்றிரவு மெக்கார்ட்னியைச் சூழ மேடையில் இசைவாணர் பலர் பளபளக்கும் உடையில் நிறைந்து நின்றனர். அந்த உடையை அணிய மறுத்தவர் பீட் டவுன்ஷெண்ட் ஒருவரே. லென்னனும் ஹாரிசனும் ஸ்டாரும் வரவில்லை. விங்ஸ் குழுவுக்கும் அதுவே இறுதி மேடையாயிற்று. ஓராண்டு நிறையுமுன், 1980 டிசம்பர் 8 அன்று, லென்னன் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே ஹாமர்ஸ்மித் ஓடியன் மேடையில்தான் 1964 டிசம்பர் 24 தொடங்கி 1965 ஜனவரி நடுப்பகுதி வரை, மூன்று வாரங்களுக்கு மேலாக, நால்வரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் கூத்து நடத்தியிருந்தனர்.